தூரிகை காத்தல்

தொழில் எதுவாயினும் அதற்கேற்ற கருவி இன்றியமையாதது. உழவனுக்குக் கலப்பையும், தச்சனுக்கு உளியும், குயவனுக்குச் சக்கரமும், மீனவனுக்கு வலையும் இருகைகள் போல்வன. கருவி பழுதுபடின் வினையும் பழுதுபடும். கலப்பையும் உளியும் பேணாது விடப்பட்டால் பல நாட்களில் துருவேறிக் கெடும். அவற்றைத் தீட்டித் திருத்திக் கொள்ளவும் இயலும். ஆனால், கால்மணி நேரம் மறந்திருந்தால் கல்லாய் இறுகி, பின்னர் எவ்வாற்றானும் திருத்த இயலாதபடி கெட்டொழியும் கருவி ஒன்று உண்டு. பிசின் பூசும் தூரிகையே அஃது.

விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த ஊர் கோட்டக்குப்பம். சோழமண்டலக் கரையிலுள்ள ஏனைய ஊர்களைப் போலவே இதன் கடற்புறத்துக் குப்பங்களும் கட்டுமரத்தை நன்கறிந்தவை. மென்மையான மரக்கட்டைகள் சிலவற்றை ஒருங்கு சேர்த்துக் கயிற்றால் பிணித்து அமைக்கப்படுவது கட்டுமரம். இத்தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்திற் சென்று, இன்று இரட்டை அடிப்புறம் கொண்ட கலங்களுக்கெல்லாம் பெயராய் வழங்குகின்றது. மீனவர் கடலிலிருந்து மீண்டதும் கட்டுகளை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே மணலில் உலர வைப்பது வழக்கம். நீர் ஊறிய கட்டை கனத்துப் போகும். உலர்ந்த கட்டையே மறுநாள் மிதக்கும். பருத்தி நூலால் வலை பின்னிய காலத்தில், அதனை அலசி உலர்த்தாது குவித்து வைத்தால் மக்கிப் போகும் என்பதனையும் அவர்கள் அறிந்திருந்தனர். வேலை முடிந்த பின் கருவிக்குச் செய்யும் பணியும் வேலையின் ஒரு பகுதியே என்னும் உண்மை இக்கரைக்குப் புதியதன்று.

காலம் மாறியது, கலங்களும் மாறின. 1979-ஆம் ஆண்டு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலைமோதும் கரையில் இறங்கவும் ஏறவும் வல்ல கண்ணாடியிழைப் படகுகளை உருவாக்கிச் சோதித்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கரையைத் தாக்கிப் பல கலங்களை அழித்தது. அதன் பின்னர்க் கட்டுமரம் அருகி, மீனவர் 'பைபர் படகு' என வழங்கும் கண்ணாடியிழைப் படகே கரையெங்கும் பெருகிற்று. படகு விரிசலுற்றால் கண்ணாடியிழைத் துணியை அதன்மேல் விரித்துப் பிசின் பூசிச் செப்பனிடுவர். இவ்வாறு பிசினும் தூரிகையும் கடற்கரையின் அன்றாடப் பொருள்கள் ஆயின.

இவ்விரண்டையும் வேண்டி நிற்கும் மற்றொரு கலமும் இக்கரைக்கு வந்துள்ளது. அஃது அலைச்சறுக்குப் பலகை. ஹவாய்த் தீவு மக்கள் பன்னெடுங் காலமாக மரப்பலகையின் மீது நின்று அலையின் முதுகில் ஊர்ந்து மகிழ்ந்தவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ப் பலகையின்மேல் கண்ணாடியிழை போர்த்தும் முறை தோன்றிற்று. 1950-களின் இறுதியில் மரத்திற்கு ஈடாக இலேசான நுரைக்கட்டை வந்தது. 2021-ஆம் ஆண்டு தோக்கியோவில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவில் அலைச்சறுக்கு முதன்முறையாக இடம்பெற்றது. கோட்டக்குப்பத்தை அடுத்த தந்திராயன்குப்பம் கடற்கரையிலும் இவ்விளையாட்டு இளைஞருக்குக் கற்பிக்கப்படுகின்றது. ஆர்வமும் பொறுமையும் உடையோர் வீட்டு முற்றத்திலேயே பலகையைச் செய்து கொள்ளுதல் கூடும். அங்ஙனம் செய்ய முற்படுவோர் முதலில் பழுதாக்குவது பெரும்பாலும் பலகையை அன்று, தூரிகையையே ஆகும்.

பலகை செய்யும் முறையைச் சுருக்கமாக அறிந்தால் தூரிகையின் இடம் விளங்கும். நுரைக்கட்டையை அரத்தாலும் இழைப்புளியாலும் வேண்டிய வடிவிற்குச் செதுக்குவர். அதன்மேல் கண்ணாடியிழைத் துணியை விரித்துப் பிசினை ஊற்றித் தட்டையான ரப்பர்த் தகட்டால் இழுத்துப் பரப்புவர். துணி நனைந்து இறுகிய பின், துணியின் நெசவுக் குழிகள் மறையும்படி மீண்டும் ஒரு பூச்சுப் பூசுவர். அதனைத் தேய்த்து வழவழப்பாக்கிய பின் இறுதியாகப் பளபளப்புப் பூச்சு அமையும். பின்னைய இரு பூச்சுகளும் அகன்ற தூரிகையால் செய்யப்படுவன. தூரிகையில் முன்னர் இறுகிப்போன பிசினின் ஒரு துணுக்கு இருப்பினும் அது பூச்சில் கோடு கிழிக்கும். உதிர்ந்த ஒரு மயிர் கண்ணாடியுள் சிக்கிய புழுப்போல் என்றும் தெரிந்து கொண்டே இருக்கும். பல நாள் உழைப்பின் பொலிவு இறுதியில் தூரிகையின் தூய்மையைப் பொறுத்ததாகின்றது.

தூரிகை ஏன் இத்துணை விரைவில் கெடுகின்றது? விடை பிசினின் இயல்பில் உள்ளது. முற்காலத்தில் மரக்கலங்களின் இடுக்குகளை அடைக்கக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினர். குங்கிலியம் ஆறினால் இறுகும். மீண்டும் சூடேற்றினால் உருகும். மெழுகும் அத்தகையதே. ஆகவே அவற்றைப் பூசிய கருவியைச் சூடாக்கித் துடைத்து விடலாம். இக்காலத்துப் பாலியெஸ்டர்ப் பிசினோ அவ்வாறன்று. அதனுள் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள் ஸ்டைரீன் என்னும் நீர்மத்தில் கரைந்து கிடக்கின்றன. கேட்டலிஸ்ட் எனத் தொழிலாளர் வழங்கும் நீர்மத்தைச் சிறிதளவு சேர்த்ததும், சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல் ஆகின்றன. வலை முற்றியபின் அதனைச் சூடும் உருக்காது; நீர்மமும் கரைக்காது.

இதனை இல்லங்களில் நாள்தோறும் நிகழும் ஒன்றால் உணரலாம். காய்ச்சிய பாலில் சிறிது உறைமோர் இட்டால் பால் தயிராகின்றது. தயிரை எவ்வளவு கடைந்தாலும் அது மீண்டும் பாலாவதில்லை. பிசினுக்குக் கேட்டலிஸ்ட் உறைமோர் போன்றது. 1 லிட்டர் பிசினுக்கு 10 முதல் 20 மில்லிலிட்டர் வரை அதனைச் சேர்ப்பர். கோடையில் பால் விரைந்து உறைவது போலவே, வெயில் மிகுந்த நாளில் பிசினும் விரைந்து இறுகும். ஆதலின் அக்காலத்தில் கேட்டலிஸ்ட்டின் அளவைக் குறைப்பர். கலந்த பின்னர்ப் பூசுவதற்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் 10 முதல் 20 நிமிடங்களே. தூரிகையைக் கழுவுவதற்குரிய நேரமும் அதனுள்ளேயே அடங்கும். பூசி முடித்து, கைகழுவி, தேநீர் அருந்தி, பின்னர்த் தூரிகையை நாடுவோன் மயிர்க்கற்றையைக் காணான். மரக்கைப்பிடியில் பதித்த கல்லையே காண்பான்.

காலம் நெருங்குவதை அறிவிக்கும் அடையாளம் ஒன்று உண்டு. பிசின் இறுகும்போது வெப்பம் பிறக்கின்றது. பலகைமீது மெல்லியதாகப் பரந்த பிசினில் அவ்வெப்பம் காற்றில் கலந்து விடும். கிண்ணத்தில் தேங்கிய பிசினிலோ வெப்பம் வெளியேற வழியின்றித் தங்கி, இறுகுதலை மேலும் விரைவாக்கும். அதனால் கிண்ணத்துப் பிசினே முதலில் கூழாகும். தூரிகையில் மயிரின் அடிப்பகுதியில் தேங்கிய பிசினும் அவ்வாறே. கிண்ணம் கையில் சுடத் தொடங்கினும், பிசின் கட்டிகட்டியாய்த் திரளினும், பூச்சை அந்நிலையிலேயே நிறுத்தித் தூரிகையைக் காத்தல் வேண்டும். கூழான பிசினைப் பலகையில் இழுத்தால் பூச்சும் கெடும், தூரிகையும் கெடும்.

நல்ல காப்புத் தூரிகையைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்குகின்றது. 3 அல்லது 4 அங்குல அகலமும், செறிந்த மயிரும், வண்ணம் தீட்டாத மரக்கைப்பிடியும் உடையது ஏற்றது. கைப்பிடியில் வண்ணம் இருந்தால், கழுவும் அசிட்டோனில் அது கரைந்து மயிரில் ஏறும். புதிய தூரிகையை உள்ளங்கையில் பலமுறை தட்டி, மயிரை விரல்களால் மெல்ல இழுத்து, உதிரக் கூடியவற்றை முன்னரே உதிர்த்து விடல் வேண்டும். பூசும்போது மயிரின் பாதிக்கு மேல் பிசினில் தோய்க்கலாகாது. மயிரைப் பிணித்துள்ள தகரப் பட்டைக்குள் ஏறிய பிசினைக் கழுவி எடுத்தல் மிக அரிது. அங்கு இறுகிய பிசின் மயிரை விரித்துத் தூரிகையைத் துடைப்பம் ஆக்கிவிடும்.

இனிக் கழுவும் முறை. கேட்டலிஸ்ட்டைக் கலப்பதற்கு முன்பே கழுவுதற்கு வேண்டியவற்றை எடுத்து வைத்தல் முதற்கடமை. மூடியுள்ள எவர்சில்வர் டப்பாக்கள் மூன்று போதும். தெர்மகோல் கிண்ணத்தில் அசிட்டோனை ஊற்றினால் கிண்ணமே கரைந்து ஒழுகிவிடும். முதல் டப்பாவில் முன்பு பயன்பட்ட அசிட்டோனும், இரண்டாவதில் ஓரளவு தூயதும், மூன்றாவதில் முற்றும் தூயதும் இருத்தல் நன்று. பூச்சு முடிந்ததும் தூரிகையைக் கிண்ண விளிம்பில் அழுத்தி வழித்து, பழைய தாளில் தேய்த்து, இயன்ற அளவு பிசினை நீக்குதல் வேண்டும். பின்னர் முதல் டப்பாவில் இட்டு, அடியில் மெல்ல அழுத்தி மயிரை விரித்துச் சுழற்றி அலச வேண்டும். பிழிந்து இரண்டாவதிலும், மீண்டும் பிழிந்து மூன்றாவதிலும் அலச வேண்டும்.

ஒரே டப்பாவில் மிகுதியாக ஊற்றிக் கழுவினால் என்ன என்று வினவலாம். கணக்கே இதற்கு விடை கூறும். பிழிந்த பின்னும் தூரிகையில் 10 மில்லிலிட்டர் நீர்மம் தங்குவதாகக் கொள்க. அது முழுதும் பிசினாயின், 90 மில்லிலிட்டர் அசிட்டோனில் ஒரே முறை அலசிப் பிழிந்தால் எஞ்சுவது பிசினில் பத்தில் ஒரு பங்கு. அதே 90 மில்லிலிட்டரை முப்பது முப்பதாகப் பகிர்ந்து மும்முறை அலசினால், ஒவ்வொரு முறையும் நான்கில் ஒரு பங்கே எஞ்சும்; முடிவில் எஞ்சுவது அறுபத்து நான்கில் ஒரு பங்கு. செலவு ஒன்றே, பயனோ ஆறு மடங்கிற்கு மேல். அரிசியைப் பல நீர் மாற்றிக் களையும் இல்லத்தரசியர் இக்கணக்கை ஏட்டில் எழுதாமலே அறிந்தவர்கள்.

அசிட்டோன் பிசினை அழிப்பதில்லை. அதனைக் கரைத்து எடுத்துச் செல்ல மட்டுமே வல்லது. ஆதலின் அலசிய தூரிகையை உதறி, அகன்ற பற்களையுடைய உலோகச் சீப்பால் அடியிலிருந்து நுனிநோக்கிச் சீவுதல் வேண்டும். பின்னர்ச் சவர்க்காரமிட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவினால் எஞ்சிய பிசுக்கும் நீங்கும். உலர்ந்த பின் மயிரை விரலால் நெருடிப் பார்க்கலாம். ஒட்டும் தன்மை சிறிதிருப்பினும் கழுவுதல் முற்றுப்பெறவில்லை என்பது பொருள். உடனே மீண்டும் அசிட்டோனில் அலசுதல் வேண்டும். நீரில் கழுவிய தூரிகை முற்றும் உலர்ந்த பின்னரே பிசினைத் தொடலாம். ஈரம் பிசின் செவ்வனே இறுகுதற்குப் பகை.

ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையே சில மணி நேரம் காத்திருக்க நேர்வதுண்டு. அப்போது கழுவிய தூரிகையை மூடிய டப்பாவில் அசிட்டோனுள் தொங்க விடலாம். கைப்பிடியில் துளையிட்டுக் கம்பி கோத்துத் தொங்கவிட்டால் மயிர்நுனி அடியில் ஊன்றி வளையாது. வெளியே எடுத்த பின் நன்கு பிழிந்து, துணியில் துடைத்து, எஞ்சிய அசிட்டோன் ஆவியாகும் வரை பொறுத்திருத்தல் வேண்டும். அசிட்டோன் கலந்த பிசின் நலிந்து இறுகும்.

நெடுநாள் சேமிப்பதற்கு வேறு முறை. மயிர் கீழ்நோக்கும்படி தூரிகையைத் தொங்கவிட்டு உலர்த்துதல் வேண்டும். மேல்நோக்கி நிறுத்தினால், நீர்மம் தகரப் பட்டைக்குள் இறங்கித் தங்கும். உலர்ந்த பின் மயிரை நேராக்கித் தாளில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் கிடையாக வைக்கலாம். கடற்கரை ஊர்களில் இதற்குத் தனித் தேவை உண்டு. உப்புக்காற்று தகரப் பட்டையைத் துருவேற்றும். காற்றில் பறக்கும் மணல் மயிரிடைப் புகும். துருப்பொடி ஒன்றும் மணல் ஒன்றும் பளபளப்புப் பூச்சில் விழுந்தால் போதும். தேய்ப்பு வேலை மீண்டும் தொடங்கும். பலகையைத் தேய்க்கும் இடத்திற்கு அருகிலும் தூரிகைகளை வைத்தலாகாது.

சிலர் எப்பாக்ஸி என்னும் வேறொரு பிசினைப் பயன்படுத்துவர். தெர்மகோல் இனத்து நுரைக்கட்டையைப் பாலியெஸ்டர்ப் பிசினிலுள்ள ஸ்டைரீன் கரைத்து விடும்; ஆதலின் அக்கட்டைக்கு எப்பாக்ஸியே ஏற்றது. இதனை இறுகச் செய்யும் ஹார்டனர், உறைமோர்போல் சிறிதளவு சேர்ப்பதன்று. செய்தோர் குறித்த விகிதப்படி அளந்து கலப்பது. இறுகும் முன் எப்பாக்ஸியையும் அசிட்டோன் நீக்கும். இப்பிசின் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை தோன்றிவிட்டால் அது பெரும்பாலும் நீங்குவதில்லை. ஆகவே கையுறையின்றி இதனைத் தொடுதல் தகாது.

அசிட்டோன் தூரிகைக்கு நண்பன். வீட்டிற்கோ எளிதில் பகையாவான். நீர் 100 பாகையில் கொதிக்க, இது 56 பாகையிலேயே கொதிக்கும். உறைபனியினும் குளிர்ந்த நிலையிலும் தீப்பற்றத் தக்க ஆவியை எழுப்பும். அவ்வாவி காற்றைவிட ஏறத்தாழ இருமடங்கு கனமானது. மேலெழாமல் தரையோடு ஊர்ந்து செல்லும். முற்றத்தில் திறந்து வைத்த டப்பாவின் ஆவி, கண்ணுக்குப் புலனாகாமல் அடுப்பங்கரையையோ, பூசையறை விளக்கையோ எட்டிவிடக் கூடும். எனவே வேலை திறந்த வெளியில் நிகழ்தல் வேண்டும். அருகில் அடுப்போ, விளக்கோ, புகைபிடிப்பாரோ இருத்தலாகாது. அசிட்டோனால் கைகழுவும் பழக்கம் தோலின் எண்ணெய்ப் பசையைப் போக்கிப் புண்ணாக்கும். கைக்குச் சவர்க்காரமே தக்கது. மெல்லிய ரப்பர்க் கையுறையை அசிட்டோன் விரைவில் ஊடுருவும். நனைந்ததை உடனே மாற்றுதல் வேண்டும்.

கேட்டலிஸ்ட் இன்னும் கொடியது. அது கண்ணில் தெறித்தால் பார்வையே பறிபோகக் கூடும். கண்ணாடி அணிந்தே அளத்தல் வேண்டும். தெறித்து விட்டால், தாமதியாமல் 15 நிமிடங்களுக்குக் குறையாது நீரால் கண்ணை அலசி மருத்துவரை நாடுதல் வேண்டும். கேட்டலிஸ்ட்டை அசிட்டோனோடு கலப்பது வெடிப்பிற்கு இடந்தரும். கோபால்ட் என்னும் துணைப்பொருளோடு நேரே கலப்பதும் அத்தகையதே. எல்லாவற்றிற்கும் மேலாக, இந்நீர்மங்களைக் குடிநீர்ப் போத்தல்களில் ஊற்றி வைத்தல் பெருந்தவறு. நீரென்று எண்ணிக் குழந்தை அருந்தினால் அதனை மீட்டல் அரிது. பெயர் எழுதிய கலத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தலே முறை.

அழுக்கான அசிட்டோனை என் செய்வது? மூடிய டப்பாவில் சில நாள் அசையாது வைத்தால் பிசின் வண்டலாய் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை வடித்து அடுத்த முறை முதல் டப்பாவிற்குப் பயன்படுத்தலாம். வண்டலைக் கடலிலோ, மணலிலோ, சாக்கடையிலோ கொட்டலாகாது. கடற்கரை மணல் நீரை விரைந்து உறிஞ்சும். மேலே ஊற்றியது கீழே கிணற்று நீரில் கலக்கும். எந்தக் கடலில் விளையாடுதற்குப் பலகை செய்யப்படுகின்றதோ, எந்தக் கடல் மீனவர்க்கு உணவளிக்கின்றதோ, அந்தக் கடலையே நஞ்சாக்குதல் அறிவுடைமை ஆகாது. வண்டலை மூடிய தகர டப்பாவில் சேர்த்து வைத்து, தீங்குதரும் கழிவுகளை ஏற்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற்றோரிடம் ஒப்படைத்தல் தக்கது. கிண்ணத்தில் எஞ்சிய பிசினை நீர்மமாகவே எறியாமல், திறந்த வெளியில் முற்றும் இறுகிக் குளிரவிட்டுக் கட்டியாக அகற்றலாம்.

எல்லாத் தூரிகையையும் எவ்வாறேனும் காத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. மலிவான சிறு தூரிகையைக் கழுவ அதன் விலையினும் மிகுந்த அசிட்டோன் செலவாகுமாயின், சிக்கனம் எது என ஆராய்தல் வேண்டும். படகின் உட்புற ஒட்டுப் போன்ற கரடுமுரடான வேலைக்கு அத்தகைய தூரிகையைப் பயன்படுத்தி, இறுகவிட்டுக் கழித்தல் பொருந்தும். பளபளப்புப் பூச்சுக்குரிய நல்ல தூரிகையோ பலமுறை பயன்பட்டுப் பழகப் பழக மயிர் உதிராது செவ்வி பெறும். அது புதியதினும் சிறந்தது; அதனைக் காப்பதே ஊதியம்.

இவை யாவும் நோக்கின் ஒன்று தெளிவாகும். தூரிகையைக் காப்பதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அரிய கல்வியும் வேண்டுவதில்லை. மூன்று டப்பாக்களும், காலத்தை உணரும் விழிப்புமே வேண்டுவன. சோம்பலுடையோன் பூசி முடித்த பின் கழுவுவதைப் பற்றி எண்ணுவான். தொழில் அறிந்தோன் கழுவுவதற்கு ஆயத்தம் செய்த பின்னரே பூசத் தொடங்குவான். கரையேறிய களைப்பிலும் கட்டவிழ்த்துக் கட்டைகளை உலர வைத்த மீனவர், பிசினையும் அசிட்டோனையும் கண்டிலர். ஆயினும் அவற்றைக் கையாளுதற்குரிய ஒழுக்கத்தை முன்னரே கைக்கொண்டிருந்தனர். வினை முடிவது பூச்சு முடிந்த பொழுதிலன்று. கருவி தூய்மையாகித் தன்னிடம் சேர்ந்த பொழுதிலேயே ஆகும்.